அட்டை நனையக் கூடாது

ஒரு அட்டை மில்லின் கதையை எழுத உட்காருகிறவன் முதலில் அட்டையைப் பற்றிப் பெருமையாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும். யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. காகிதமாக இருந்தாலாவது கவிஞர்கள் கை கொடுப்பார்கள். அட்டையைப் பார்த்து உருகியவர் யாரும் இல்லை. செருப்பு வாங்குகிறவர் செருப்பை மாட்டிக்கொண்டு பெட்டியைக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறார். பள்ளிக்கூட நோட்டுக்கு அட்டை இல்லையென்றால் ஒரு வாரத்தில் கந்தல். ஆனாலும் அதன் மேல் பழுப்புத் தாளைச் சுற்றி, லேபிள் ஒட்டி, அட்டை இருப்பதையே மறைத்துவிடுகிறோம். இந்த வயதில் எனக்கு அட்டையிடம் ஒரு சொந்தபந்தம் தோன்றுகிறது. பத்திரிகையில் நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவனும் அந்த வேலையைத்தான் பார்க்கிறான். இரண்டு விளம்பரங்கள் ஒன்றோடொன்று உரசாமல் நடுவில் விறைப்பாக நிற்கிறான்.

மில் இருந்தது நெடுமங்காட்டிலிருந்து பொன்முடிக்குப் போகும் வழியில், பெரிய ரோட்டை விட்டு உள்ளே இறங்கி, ஆற்றை ஒட்டி. இப்போது இல்லை. இல்லை என்றால், சுவர் இடிந்து, புகைபோக்கி மட்டும் நின்று, யாராவது வந்து படமெடுத்துப் போகும்படியாக இல்லாமல் இருப்பது அல்ல. சுத்தமாக இல்லை. சமீபத்தில் ஒரு கல்யாணத்துக்காக, நகரத்தில் நான் இருக்கும் கிழக்கேகோட்டையிலிருந்து அங்கே போனேன். இயந்திரக் கொட்டகை நின்ற இடத்தில் கல்யாண மண்டபம். அட்டை காயவைத்த களத்தில் கார்கள் நிற்கின்றன. காவலுக்கு நின்ற, என் வயதே இருக்கும் ஒருவர், "கொறச்சுகூடி பொறகோட்டு, சாரே, கொறச்சுகூடி" என்று என் பழைய காரைப் பின்னால் வரவழைத்துக்கொண்டிருந்தார்.

"இங்க முன்னாடி என்ன இருந்துதுன்னு தெரியுமா?" என்று இறங்கியதும் கேட்டேன்.

"ரப்பர்."

"அதுக்கு முன்னாடி?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அதினு முன்னாடி காடாயிருக்கும், சாரே. வேறே எந்தா?"

சரிதான். மில்லுக்கும் மண்டபத்துக்கும் நடுவில் ரப்பர் வந்து, பால் கொடுத்து, கிழடாகி, வெட்டுப்பட்டும் போயிருக்கிறது. ஒரு ரப்பர் தோட்டத்தின் முழு ஆயுளை நான் கவனிக்காமலே கடந்திருக்கிறேன். அப்பா இப்போது இல்லை. இருந்திருந்தால் காரை விட்டு இறங்கியதும் முதல் வேலையாக மேலே பார்த்திருப்பார்.

மில் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். வைக்கோல், நகரத்து ஆபீஸ்களின் குப்பைக் காகிதம், மலையில் வெட்டிக் கொண்டுவரும் ஈற்றை எனப்படும் நாணல் எல்லாவற்றையும் சுண்ணாம்போடு ஒரு பெரிய இரும்பு உருண்டைக்குள் போட்டு ஆவியில் வேகவைப்பார்கள். வெந்ததைத் தொட்டியில் அடித்துக் கூழாக்குவார்கள். கூழைச் சல்லடை உருளை ஒன்று அள்ளிக் கம்பளித் துணியில் பரத்தும். படலத்தின் மேல் படலமாகச் சேர்த்து, வெட்டி, பிழிந்து வெளியே தள்ளுவார்கள். வெளியே வரும்போது அது அட்டை இல்லை, ஊறிய அப்பளம். இரண்டு கையாலும் ஏந்தினால் நடுவில் தொங்கும். அவசரப்பட்டால் கிழியும். களத்தில் பரப்பி, வெயிலில் காயவைத்து, இரும்பு உருளைகளுக்கு நடுவே விட்டு எடுத்த பிறகுதான் அதற்கு அட்டை என்று பேர்.

நாற்றத்தையும் சொல்லிவிட வேண்டும். காயலில் ஊறப்போட்ட தேங்காய் மட்டையை எடுத்துச் சுண்ணாம்பு போட்டு வேகவைத்தால் எப்படி இருக்குமோ அப்படி. மில்லுக்குக் கீழே ஆறு பால் விடாத கட்டன்சாயா நிறத்தில் ஓடியது. கீழ்க்கரைக்காரர்கள் எங்களை மனிதர்களாகவே மதித்ததில்லை, அதில் அநியாயம் ஒன்றும் இல்லை. நான் கல்லூரிக்கு பஸ்ஸில் போன காலத்தில் என் பக்கத்து இருக்கை பெரும்பாலும் காலியாக இருக்கும். என் படிப்பாளித் தோற்றத்துக்குப் பயந்து ஒதுங்குகிறார்கள் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேலைக்காரர்களில் பாதிப் பேர் எங்களைப் போல எல்லைப் பக்கத்துத் தமிழர்கள். கொஞ்சம் பேர் மேலே போனக்காடு எஸ்டேட்டில் தேயிலை வேலையை விட்டுவிட்டு இறங்கி வந்தவர்கள். மீதி உள்ளூர் மலையாளிகள். மில்லுக்குள் பேசிய மொழிக்குப் பேர் கிடையாது. ஒரு வாக்கியம் தமிழில் கிளம்பும், நடுவில் மலையாளத்தில் ஏறும், முடியும்போது எதிராளியின் குடும்பத்தில் போய் இறங்கும்.

அப்பா உலர்த்துக்கள மேஸ்திரி. மழை வருமா வராதா என்று சொல்வதுதான் அவருடைய உத்தியோகம். ஈர அட்டையைக் காயவைக்க ஆவி உலர்த்தி என்ற ஒன்று உண்டு. பெரிய மில்களில் வைத்திருப்பார்கள். எங்கள் முதலாளி வெளியூர்க்காரர். வெயில் சும்மா கிடைக்கும்போது உலர்த்தி எதற்கு என்று கேட்டவர். பொன்முடி அடிவாரத்தில், இடவப்பாதி என்ற தென்மேற்குப் பருவமழை பெய்து ஓய்வதற்குள் ஐப்பசியின் துலாமழை மூட்டம் போடுகிற ஊரில், வெயிலை நம்பித் தொழில் தொடங்கிய அந்த மனிதரை நான் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் இந்தக் கட்டுரைகளுக்கெல்லாம் அவரே போதும் என்று விட்டிருப்பேன்.

ஆகவே அப்பா களத்தின் நடுவில், தலையில் ஒரு துண்டோடு, பொன்முடிப் பக்கம் பார்த்தபடி நிற்பார். மலையின் தலை மேகத்துக்குள் போனால் கொஞ்ச நேரத்தில் இங்கே மழை. இதில் ரகசிய ஞானம் ஒன்றும் கிடையாது. அந்த ஊரில் ஆடு மேய்க்கிற எவருக்கும் தெரிந்ததுதான். அவருக்கு அதற்குச் சம்பளம் கொடுத்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அவர் கையை உயர்த்திக் காட்டினால் கொதிகலன்காரர் ஆவிச்சங்கின் கம்பியை இழுப்பார். ஷிப்டுக்கு ஊதுவது நீளமாக இருக்கும். மழைக்கு ஊதுவது விட்டுவிட்டு, விக்கல் எடுக்கிற மாதிரி.

அந்தச் சங்கு கேட்டால் ஊரே ஓடி வரும். மில்லில் வேலை பார்க்கிறவர்கள் மட்டுமல்ல, எல்லோரும். டீக்கடைக்காரர் பாலை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டு வருவார். சவரக்கடையில் பாதி முகம் நுரையோடு இருக்கிறவர் அப்படியே வருவார். பள்ளிக்கூடத்தில் மணி அடிக்காமலே வகுப்பு கலையும். ஞாயிற்றுக்கிழமையானால் சபையில் போதகர் பிரசங்கத்தை அங்கேயே நிறுத்திவிட்டு அங்கியை மடித்துக் கட்டுவார். சபையார் மழைக்காக ஜெபித்தார்கள் என்று ஒரு பேச்சு உண்டு, பிரசங்கம் அப்படி. ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு அட்டையைத் தலையிலும் தோளிலுமாக அடுக்கி, கொட்டகைக்குள் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு அவரவர் வேலைக்குத் திரும்புவார்கள். யாரும் எழுதி வைத்த ஏற்பாடு அல்ல. பதிலுக்கு ஓரம் கிழிந்த அட்டையெல்லாம் ஊருக்கு. எங்கள் ஊர் வீடுகளின் மச்சு அட்டை, ஆட்டுக்கொட்டில் சுவர் அட்டை, கிறிஸ்துமஸ் குடிலில் மூன்று ராஜாக்களும் அவர்களுடைய ஒட்டகங்களும் அட்டை.

அப்பா தவறாகக் கைகாட்டிய நாட்களும் நிறைய. ஊர் முழுக்க ஓடி வந்து, களத்தைக் காலி செய்து, மூச்சு வாங்கி நிமிர்ந்தால் வெயில் பளீரென்று அடிக்கும். எல்லோரும் அப்பாவைப் பார்ப்பார்கள்.

"அண்ணாச்சி, மழ எவிட?" என்பார் டீக்கடைக்காரர்.

"வந்துட்டுதான் இருந்து. விதுரைகிட்ட திரும்பிட்டு."

"ஆரு திருப்பியது? டிராஃபிக் போலீசோ?"

"வோய், நனஞ்ச பிறகு சங்கு ஊதினா நல்லா இருக்குமா உமக்கு? போய்ப் பாலை அடுப்பில வையும்."

சிரிப்பார்கள். திரும்பவும் பரப்புவார்கள். அடுத்த முறை ஓடி வராமல் இருந்தவர் ஒருவரும் இல்லை. அட்டை நனையக் கூடாது என்பது எங்கள் ஊரில் ஒரு கருத்து அல்ல. கொட்டாவி வந்தால் வாய் திறப்பது மாதிரி.

பிறகு ஒரு திங்கட்கிழமை கொதிகலனில் நெருப்பு மூட்டவில்லை. காரணம் ஆளுக்கொன்று சொன்னார்கள். காட்டில் ஈற்றை வெட்ட விடவில்லை என்றார்கள். கீழ்க்கரைக்காரர்கள் ஆற்றுக்காக வழக்குப் போட்டார்கள் என்றார்கள். பிளாஸ்டிக் என்றார்கள். ஒரு யூனியன் இன்னொரு யூனியனைச் சொன்னது. முதலாளி எதையும் சொல்லவில்லை, ஏனென்றால் முதலாளி வரவில்லை. வாசலில் பூட்டு தொங்கியது.

உள்ளே குடோனில் காய்ந்து, உருளை போட்டு, கட்டுக் கட்டாக அடுக்கிய அட்டை இருந்தது. அதுதான் எங்கள் பிடி. மில்லைத் திறக்கும்வரை ஒரு அட்டையும் வெளியே போகாது என்று சமரம் ஆரம்பித்தது, போராட்டத்துக்கு அங்கே அதுதான் பேர். யூனியன் இரண்டு. ஒன்றுக்குக் கொதிகலன்காரர் தலைவர், போனக்காட்டுத் தமிழர், சங்கு இல்லாவிட்டாலும் ஊரைக் கூட்டும் தொண்டை அவருக்கு. இன்னொன்றுக்கு இயந்திரக் கொட்டகைச் சேட்டன் ஒருவர், உள்ளூர்க்காரர், எதையும் மெதுவாகவும் இரண்டு தடவையும் சொல்கிறவர். வாசலின் இரண்டு பக்கமும் இரண்டு பந்தல் போடுவதாக முடிவு. மேலே போட ஒரே ஒரு தார்ப்பாய்தான் இருந்தது, களத்தில் கடைசியாக மிஞ்சும் அட்டையை மூடுகிற பெரிய தார்ப்பாய். ஆகவே ஒரே பந்தல், அதன் இரண்டு மூலையில் இரண்டு கொடி. கொள்கைப்படி ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாதவர்கள், மழைச்சாரலுக்குப் பயந்து முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள்.

அப்பா முறை வைத்து உட்காரவில்லை. தினமும் உட்கார்ந்தார். அவருக்கு யூனியன் பேச்சு அவ்வளவாகப் பிடிபடாது. அவர் கணக்கு எளிமையானது. சரக்கு உள்ளே இருக்கும்வரை மில் மூடவில்லை, லீவு விட்டிருக்கிறது. சரக்கு வெளியே போனால் மில் இல்லை. மில் இல்லையென்றால் தான் யார் என்பது அவருக்குத் தெரியாது. இதை அவர் வாயால் சொன்னதில்லை. ஆனால் வீட்டில் நாங்கள் இருவரும், அம்மாவும் நானும், காலையில் அவர் துண்டை உதறித் தோளில் போடுவதைப் பார்க்கிறபோது வேறு எதையும் யோசிக்க முடியாது.

அம்மாவுடைய அண்ணனுக்குக் கிழக்கேகோட்டைப் பக்கம் பாத்திரக் கடை. ஒரு நாள் பஸ் பிடித்து வந்தார். திண்பண்டப் பொட்டலத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"மாப்ளே, குடோனுக்கு நம்பிக்கையான ஆள் இல்ல எனக்கு. நீங்க வந்தா மாடியில வீடும் சும்மாதான் கெடக்கு."

"பாப்போம் மச்சான். மில்லு தொறந்தா களத்துல ஆள் வேணும்லா?"

"மில்லு எப்பம் தொறக்கும்?"

"பேசிட்டு இருக்காங்க."

"யாரு?"

அப்பா வாசல் வழியாக மேலே பார்த்தார். மாமா என் பக்கம் திரும்பினார். "நீ என்னடே செய்யுதே?"

"சமரத்துக்கு கோஷம் எழுதறேன், மாமா."

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா உள்ளே போய்விட்டாள். "எப்பம் வேணுமானாலும் வாங்க மாப்ளே. பாத்திரம் நனஞ்சா ஒண்ணும் ஆவாது" என்று சொல்லிவிட்டு அவர் கடைசி பஸ்ஸுக்குப் போனார். அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

நான் அப்போது இலக்கியத்தில் பட்டம் வாங்கி, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, உலகம் என்னை அழைக்கக் காத்திருந்தேன். இடைக்காலத்தில் கோஷம். முதலில் எழுதியது, 'வெந்து வெளுத்து வெயிலில் உலர்ந்த வியர்வையின் விளைச்சலை விலைபேச விடமாட்டோம்' என்பது. கொதிகலன்காரர் ஒருமுறை முழக்கிப் பார்த்தார்.

"தம்பி, நல்லா இருக்கு. ஆனா நான் 'விலைபேச'ன்னு வாரதுக்குள்ள பொன்முடி பஸ்ஸு போயிட்டு. யாருக்குக் கேக்கும்?"

"சுருக்கவா அண்ணே?"

"நாலு வார்த்தை. அதுக்கு மேல எனக்கு மூச்சு இல்ல, நம்ம ஆளுகளுக்கு மூளை இல்ல."

'ஒரு அட்டையும் வெளியே போகாது' என்று எழுதிக் கொடுத்தேன், தமிழிலும் மலையாளத்திலும். நான் எழுதியதில் மக்கள் வாய்விட்டுப் படித்தது இதுவரை அது ஒன்றுதான். துணியில் எழுதினால் மழையில் சாயம் இறங்கும் என்று, உரச்சாக்குகளைப் பிரித்துச் சேர்த்துத் தைத்து, அதில் பெரிய எழுத்தில் வரைந்து பந்தலைச் சுற்றிக் கட்டினார்கள்.

சமரத்தின் முதல் மழைக்காலத்தில் நடந்ததை ஊருக்கு வெளியே சொன்னால் நம்ப மாட்டார்கள். ஊர் முழுக்க நனைந்தது. கொடியில் துணி, முற்றத்தில் கொப்பரை, பாயில் மிளகு, கூரை மேல் மரச்சீனிக் கிழங்கு வற்றல் எல்லாம். ஏனென்றால் இத்தனை வருடமாக யாரும் வானத்தைப் பார்த்ததே இல்லை. சங்கு ஊதும், களத்துக்கு ஓடும் வழியில் வீட்டில் ஒரு குரல் கொடுத்தால் துணி உள்ளே வந்துவிடும். அதுவே பழக்கம். இப்போது மேகம் திரண்டு, இருட்டி, இடி முழங்கி, முதல் துளி மூக்கில் விழுந்த பிறகும் எல்லோரும் சங்குக்காகக் காத்திருந்தார்கள். டீக்கடைக்காரரின் மனைவி ஊறிப்போன மிளகைப் பாயோடு தூக்கி வந்து பந்தலில் அப்பா முன்னால் போட்டு, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று சண்டைக்கு வந்தாள்.

"அண்ணாச்சி கண்டில்லே? ஒரு வாக்கு பறயாமாயிருந்நில்லே?"

"நான் கண்டேன். சங்கு இல்லியே, பிள்ளே."

"வாய் உண்டல்லோ!"

அதற்குப் பிறகு வானம் கறுத்தால் அப்பா பந்தலிலிருந்து எழுந்து சத்தம் போடுவார். அவர் குரல் ரோட்டைத் தாண்டாது. ஆனால் அவர் சத்தம் போட்டதைக் கொதிகலன்காரர் வாங்கி முழக்குவார். அப்போதும் பாதி நாள் மழை வரவில்லை.

காத்திருப்பு என்பது இவ்வளவு சலிப்பாக இருக்கும் என்று எந்தப் புரட்சிப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை. தினமும் அதே ஆட்கள், அதே கதை, அதே சீட்டுக்கட்டு. அதில் ஒரு ஜாக்கைக் காணோம், அட்டையில் வெட்டிப் படம் வரைந்து வைத்திருந்தார்கள். மந்திரி ஒருவர் வந்து அனுதாபப்பட்டுவிட்டுப் போனார். வேலைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கூலிக்குப் போக ஆரம்பித்தார்கள். பகலில் பந்தலில் வெறும் கிழடுகளும் நானும்.

லாரி வந்தது ஒரு துலாம் மாதத்துப் பகலில். மூன்று லாரி. முன்னால் போலீஸ் ஜீப், அதில் ஒரு சப் இன்ஸ்பெக்டர். கூட, கோர்ட் உத்தரவோடு அமீனா. கடன்காரர்களுக்காகச் சரக்கை எடுத்து விற்க உத்தரவு. உள்ளே ஏற்றுவதைத் தடுக்க முடியவில்லை, போலீஸ் நின்றது. ஏற்றி முடிப்பதற்குள் செய்தி பரவி, கூலிக்குப் போனவர்கள் எல்லாம் மண்வெட்டியோடும் சாந்துச் சட்டியோடும் திரும்பி வந்துவிட்டார்கள். அமீனா காலியான குடோனைப் பூட்டி அரக்கு வைத்தார். லாரிகள் வாசலுக்கு வந்தபோது ரோட்டில் ஊரே உட்கார்ந்திருந்தது. முதல் வரிசையில், முதல் லாரியின் மூக்குக்கு நேராக, அப்பா.

சப் இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். தடியை எடுக்கவில்லை. "மேலே இருந்து சொன்னால்தான் தூக்குவேன், அதுவரை நீங்களும் இருங்கள், நானும் இருக்கிறேன்" என்று மலையாளத்தில் சொல்லிவிட்டு டீ வரவழைத்தார். கோஷம் விண்ணை முட்டியது. என் நாலு வார்த்தை. முதல் லாரி ஓட்டுநர் நெல்லைப் பக்கத்துக்காரர், தலையை வெளியே நீட்டி எங்களோடு சேர்ந்து அதை முணுமுணுத்துக்கொண்டிருந்தார், பொழுது போகவில்லை போலிருக்கிறது. அன்றைக்கு நாங்கள் ஜெயித்துவிடுவோம் என்றே எனக்குத் தோன்றியது. மாலை வரை தாக்குப் பிடித்தால் லாரி திரும்பிவிடும் என்றார் சேட்டன், இரண்டு தடவை.

அப்பா கோஷம் போடவில்லை. அவர் லாரியையே பார்த்துக்கொண்டிருந்தார். லாரியின் மேல் பகுதியை. பிறகு எழுந்து நின்று திரும்பிப் பொன்முடியைப் பார்த்தார்.

"அண்ணே, உக்காருங்க" என்றார் கொதிகலன்காரர்.

"மேல மூடல்ல, பாத்தியா?"

"எது?"

"லாரி. மூணும் திறந்து கெடக்கு. மழை வருது."

"வரட்டும், நமக்கென்ன?"

"அட்டை நனையும்டே."

"நனையட்டும் அண்ணே! நல்லா நனையட்டும்! நனஞ்சா எவன் வாங்குவான்? வண்டி தானா திரும்பிரும்!"

முழுக்க முழுக்கச் சரியான வாதம். இன்றைக்கும் அதில் என்னால் ஒரு ஓட்டை கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அதைச் சொல்லி முடித்ததும் அவர் முகமே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அருகில் இருந்தவர்கள் கோஷத்தை நிறுத்தி அவரைப் பார்த்தார்கள். எங்கள் ஊரில் அதுவரை யாரும் அந்த வாக்கியத்தைச் சொல்லிக் கேட்டதில்லை.

காற்று திரும்பியது. முதல் துளி, பெரிய துளி, லாரியின் முன்கண்ணாடியில் விழுந்து வழிந்தது.

"எடுங்கலே!" என்று அப்பா கத்தினார்.

கொதிகலன்காரர் வாய் தானாகத் திறந்தது. "எடுங்கலே!" அது ரோட்டைத் தாண்டி, ஆற்றைத் தாண்டிப் போய் எதிர்க்கரையில் முட்டித் திரும்பியது.

யார் முதலில் எழுந்தது என்று பிறகு எவ்வளவோ தடவை பேசியாயிற்று. எல்லோரும்தான். குடோன் பூட்டிக் கிடந்தது, உள்ளே கொண்டுபோக வழியில்லை. மூட வேண்டும். பந்தல் கால்களை நான்கு பேர் பிடுங்கினார்கள், தார்ப்பாய் இறங்கியது, முதல் லாரி மேல் ஏறியது. இரண்டாவதற்கு டீக்கடைக்காரர் தன் கடையின் முன்தட்டி பிளாஸ்டிக்கைக் கிழித்துக்கொண்டு ஓடி வந்தார். அவர் மனைவி மிளகுப் பாயைக் கொண்டுவந்தாள். மூன்றாவதற்கு உரச்சாக்குத் தட்டிகள். நானும்தான் அவிழ்த்துக் கொடுத்தேன், சேட்டனும் நானும் ஆளுக்கொரு முனை பிடித்து லாரி மேல் ஏறிக் கட்டினோம். "முறுக்கிக் கட்டு, முறுக்கிக் கட்டு" என்றார் அவர். கீழே சப் இன்ஸ்பெக்டர் கையில் டீ கிளாஸோடு அப்படியே நின்றார். அவருடைய பயிற்சியில் இது வராது.

ரோட்டில் ஒருவரும் இல்லை. எல்லோரும் லாரியின் பக்கவாட்டில் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தோம்.

"அண்ணாச்சி, கட்டியாச்சா?" என்று ஓட்டுநர் கேட்டார்.

அப்பா சுற்றி வந்தார். மூலைகளைத் தொட்டுப் பார்த்தார். ஒரு இடத்தில் தார்ப்பாயை உள்ளே மடித்துச் சொருகினார். பிறகு, வருடக்கணக்காக அந்த வாசலில் சரக்கு அனுப்பும்போது செய்வது போலவே, லாரியின் பக்கத்தில் உள்ளங்கையால் தட்டினார்.

"ஆச்சு. போலாம், ரைட்."

லாரி போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவது லாரி திருப்பத்தில் வளைந்தபோது அதன் பின்புறம் மழையில் கழுவித் தெளிவாகத் தெரிந்தது: ஒரு அட்டையும் வெளியே போகாது. தமிழிலும் மலையாளத்திலும்.

அப்போதுதான் மழை சரியாகப் பிடித்தது. நிற்க இடமில்லை. பந்தல் இருந்த இடத்தில் நாலு குழியும் இரண்டு கொடியும். யாரும் யாரையும் திட்டவில்லை. கொதிகலன்காரர் கல் மேல் உட்கார்ந்து கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீக்கடைக்காரர்தான் பேச்சை எடுத்தார்.

"அண்ணாச்சி, இந்நு மழ கரெக்டாயிட்டு வந்நு, கேட்டோ."

சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம். சேட்டன் மட்டும், "வந்நு... வந்நு" என்றார்.

அப்பாவும் நானும் வீட்டுக்கு நடந்தோம். அவர் துண்டைத் தலையில் போடவில்லை. அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். செய்தி அரைகுறையாக வந்திருக்கும்.

"போயிட்டா?" என்று கேட்டாள்.

"போயிட்டு" என்றார் அப்பா. பிறகு, "நனையல்ல" என்றார்.

அம்மா உலர்ந்த துண்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் தலை துவட்டும்வரை பொறுத்திருந்தாள்.

"அப்போ அண்ணனுக்கு ஆள் சொல்லி அனுப்பட்டா?"

துண்டுக்குள்ளிருந்து அப்பா சொன்னார்: "அனுப்பு. திங்கக்கிழமையில இருந்து வாறேன்னு சொல்லு."